மணிக்கட்டில் பச்சை

வயது கேட்டேன்.
ஆதார்ல ஒண்ணு, எங்கம்மா சொன்னது ஒண்ணு,
உங்களுக்கு எது வேணும் என்றாள் நவநீதம்.
சூத்திரத்துக்கு ஏதோ ஒன்று போதும்.
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்த நாற்பத்துநான்கைத் தட்டினேன்.
எடை, கூரியர் அறைத் தராசில்: ஐம்பத்தொன்று, செருப்போடு.
உயரத்துக்குக் கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு.

இவ்வளவு தெரிந்தாலே
பட்டை பாதிக் கணக்கை முடித்துவிடும்.
தூங்கினாலும் சும்மா கிடந்தாலும்
நிமிடத்துக்கு முக்கால் கலோரி என்று
கையில் கட்டும் முன்பே எழுதி வைத்திருக்கும்.
மீதிக்குத்தான் கையாட்டமும் நாடியும்.

பெல்லந்தூர், நாலாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி நுரைத்துக்கொண்டிருந்தது.
எங்களிடம் இருந்த மணிக்கட்டுகள் எல்லாம்
ஜிம்முக்குப் போகும் பையன்களுடையவை.
வேறு கை தேடு என்றிருந்தார் ஸ்ரீநாத்.
ஒரு வாரம் கட்டினால் எண்ணூறு ரூபாய்.

பட்டையின் அடிவயிற்றில் பச்சை விளக்கு.
ரத்தம் பச்சையை விழுங்கும்.
விழுங்கியது போகத் திரும்பி வருவதில்
துடிப்பை எண்ணுகிறோம்.
இவள் மணிக்கட்டிலோ ஏற்கெனவே ஒரு பச்சை:
‘காசி’, கோணல் எழுத்தில்.
குத்திய பச்சையில் வெளிச்சப் பச்சை இடறியது.
‘கா’வில் நூற்றிருபது,
‘சி’யில் ஆளே இல்லை.
ஓரங்குலம் ஏற்றிக் கட்டினோம்.
யார் காசி என்று நான் கேட்கவில்லை.

எவ்ளோ எரியுதுன்னு இது சொல்லிடுமா மேடம்?
சொல்லும்.
வயித்தெரிச்சலு?
சிரித்தோம்.
தமிழ் தெரியாத ஸ்ரீநாத்தும் கூடச் சிரித்தார்.

மாப் பிடித்த கை இப்படியும் அப்படியும் போய் வந்ததை
நடையென்று நம்பி
மாடியை விட்டு இறங்காதவளுக்குப்
பதினோரு கிலோமீட்டர் போட்டது முதல் நாள்.
மறுநாள் லிஃப்ட் நின்றுபோனது.
இருபது லிட்டர் கேனைத் தோளில் அணைத்த கை
அசையவே இல்லை, நான்கு மாடிக்கும்.
மெதுவான நடை என்றது பட்டை.
அதைப் பொறுத்தவரை அவள் ஐம்பத்தொரு கிலோதான்.
கேனை யாரும் பதிந்து கொடுக்கவில்லை.

புதன் இரவு கழற்ற மறந்திருக்கிறாள்.
வியாழன் காலை வரைபடத்தில் பார்க்கிறேன்.
மூன்று பத்து. கை அசைவு இல்லை. நாடி அறுபத்திரண்டு.
மூன்று பதினொன்று. கை அசைவு இல்லை.
நாடி நூற்றுமுப்பத்தெட்டு.
அப்படியே நிற்கிறது இருபத்துமூன்று நிமிடம்,
ஓர் அடி எடுத்து வைக்காமல்.

சூத்திரம் தயங்கவில்லை.
ஓடியிருக்கிறாள் என்று முடிவுகட்டி
இருநூற்றுச் சொச்சம் கலோரி எழுதிவிட்டது.
நெஞ்சு அடித்துக்கொண்டால் ஓட்டம்,
நாங்கள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.
முகமூடி மாட்டி மூச்சை அளந்தோமே,
அந்த டிரெட்மில்லில் ஒருநாளும் யாருக்கும்
நடுராத்திரியில் போன் வந்ததில்லை.

போன்தானா என்றும் தெரியாது.

ஏழரைக்கு வழக்கம்போல் வந்தாள்.
முந்தானையில் பட்டையைத் துடைத்து நீட்டினாள்.
தண்ணி பட்டிருக்கும், கெட்டுப்போயிருக்காதில்ல?
இல்லை என்றேன்.
கண் வீங்கியிருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன்.
அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாய்ஸ், என்றார் ஸ்ரீநாத்.
இருபத்துமூன்று நிமிடங்களையும் நீக்கினேன்.
பிழை இருபத்தேழு சதவீதத்திலிருந்து
இருபத்துநாலுக்கு இறங்கியது.
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

காலத் தூக்குங்க மேடம்.
நாற்காலிக்கடியில் ஈர மாப் வந்து நின்றது.
தூக்கினேன்.
என் கையிலிருந்தது அதிர்ந்தது:
ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்,
கொஞ்சம் எழுந்து நடக்கலாமே.